ஆலோசகரம்மாவுக்கு ஒரு கல்யாணச் சாவு

இரண்டு நாளில் வியன்னாவைப் பார்த்துவிட முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். காலில் என்ன போட்டிருக்கிறீர்கள்? புது ஷூவோடு வருகிறவருக்கு இரண்டு வாரம் கொடுத்தாலும் போதாது. பழகிய ஷூவோடு வருகிறவருக்கு நாற்பத்தாறு மணி நேரம் தாராளம். இன்ஸ்பெக்டரம்மா, நீங்கள் போட்டிருப்பது நல்ல ஷூ. உங்களை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம்.

எல்லாவற்றையும் சொல்கிறேன். அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் எகோன் துஷெக், வயது ஐம்பத்தெட்டு, அரசு உரிமம் பெற்ற நகர வழிகாட்டி. 'உரிமம் பெற்ற' என்பதை விட்டுவிட வேண்டாம். குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறவர்கள் இந்த ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். நான் அந்த ரகமில்லை.

நாற்பத்தாறு மணி நேரம் என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், என் விருந்தாளிகள் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ரயிலில் இறங்குகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதுக்கு ஏறிவிடுகிறார்கள். அதில் தூக்கம் பதினான்கு. சாப்பாடு ஆறு. கழிப்பறை மூன்று. ஒரு குழுவுக்கு எதிரி மழை என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். மழை எவ்வளவோ தேவலாம், கழிப்பறைதான் எதிரி. வழி தவறிப் போன ஒருவரைத் தேட ஒரு மணி நேரம். ஆக மிஞ்சுவது இருபத்திரண்டு மணி நேரம். அந்த இருபத்திரண்டை மற்ற வழிகாட்டிகள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அரண்மனைக்கு அழைத்துப் போவார்கள். ஆயிரத்துச் சொச்சம் அறையில் நாற்பதைத் திறந்து வைத்திருப்பார்கள். வந்தவர்கள் பார்ப்பது முன்னால் நிற்பவரின் பிடரியை. பிறகு சாக்லேட் கேக்குக்காக ஒரு மணி நேரம் வரிசை. பிறகு ராட்டினம். ஊருக்குத் திரும்பி, வியன்னா பார்த்துவிட்டோம் என்பார்கள். எனக்கு வயிறு எரியும். எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், பாவம்.

எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊரில் உண்மையாகவே நம்முடையது என்று சொல்லிக்கொள்ள இரண்டு விஷயம்தான் உண்டு. ஒன்று குறை சொல்வது. இன்னொன்று சாவது. வாழும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லவும் மூக்கால் அழுகிறவர்கள், செத்தால் கறுப்புக் கோட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். முப்பது வயதிலேயே, சாவுச் செலவுக்குச் சந்தா கட்டுகிற ஈமச் சங்கத்தில் சேர்ந்துவிடுகிறோம். சவ ஊர்திக்கு இறகு வேண்டுமா, எக்காளம் ஊத எத்தனை பேர், மலர்வளையத்து ரிப்பனில் என்ன எழுத்து, எல்லாம் அவரவரே எழுதி வைத்துவிடுவோம். பேரன் பேத்தி எடுத்தவருக்கு ஊரே கூடி நடத்துகிற கல்யாணச் சாவு மாதிரிதான். என்ன, எங்களுக்குப் பேரன் பேத்தி கட்டாயமில்லை. கூட்டம் கட்டாயம்.

இதை விருந்தாளிகளுக்குக் காட்டலாம் என்று நானாக யோசிக்கவில்லை. தானாக அமைந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, பெல்ஜியத்தில் கென்ட் என்ற ஊரிலிருந்து வந்த ஏழு பேரை மத்திய இடுகாட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். இசையமைப்பாளர்களின் கல்லறைகள் அங்கேதான் இருக்கின்றன, டிக்கெட் கிடையாது, கழிப்பறை சுத்தமாக இருக்கும். மழை பிடித்துக்கொண்டதால் இறுதிச் சடங்கு மண்டபத்தின் வாசலில் ஒதுங்கினோம். கறுப்புத் தொப்பி வைத்த ஈமக்காரர் ஒருவர் வெளியே வந்து என் காதோடு கேட்டார்.

"சார், உங்க ஆளுங்களுக்கு ஒரு கால் மணி நேரம் இருக்குமா? உள்ள ஒருத்தர் தனியா இருக்காரு."

செத்தவர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவராம். வருவதற்கு ஒரு ஜீவன் இல்லை. ஏழு பேரும் உள்ளே போய் நின்றார்கள். பெட்டிக்குப் பின்னால் நடந்தார்கள். குழியில் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அப்புறம் எதிர்ப்புற விடுதியில் உட்கார்ந்து, சடங்கு முறைப்படி, வேகவைத்த மாட்டிறைச்சியைக் காரமுள்ளங்கித் துருவலோடு சாப்பிட்டார்கள். அந்தக் குழுவில் லீவா என்று ஓர் அம்மாள் இருந்தார். நாற்பது வருடம் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்தவர். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்.

"எத்தனையோ ஊருக்குப் போயிருக்கேன் துஷெக் சார். எல்லா ஊர்லயும் வெளிய நின்னு வேடிக்கதான் பாத்தேன். உள்ள வாங்கன்னு கூப்பிட்டது உங்க ஊர்தான்."

முப்பது வருடத் தொழிலில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள். யாரோ எழுத, யாரோ படிக்க, பேர் பரவிவிட்டது. நானும் வாராவாரம் மரண அறிவிப்புகளைப் பார்த்து, ஆளில்லாத சாவாகத் தேடி அழைத்துப் போனேன். ஆனால் சாவுக்கு நேரங்காலம் தெரிவதில்லை. எங்கள் ஊரில் சனி, ஞாயிறு புதைப்பதில்லை, ஆகவே எனக்கு இருப்பது வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி மட்டும். சில வெள்ளிக்கிழமை யாரும் கிடைக்க மாட்டார்கள். சில வெள்ளிக்கிழமை உறவினர்கள் வந்து நின்று எங்களை முறைப்பார்கள். கல்யாணச் சாவு என்று சொல்லி அழைத்துப் போனால் உள்ளே ஒரு பாதிரியும் பிளாஸ்டிக் பூவும் இருக்கும். நாற்பத்தாறு மணி நேரத்துக்காக வந்தவர்களிடம், அடுத்த செவ்வாய்க்கிழமை நல்லதாக ஒன்று இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்?

இனி ஆலோசகரம்மாவுக்கு வருகிறேன்.

வால்புர்கா சாப்லெட்டல், எண்பத்தாறு வயது, எங்கள் கட்டடத்தில் நான்காவது மாடி. நான் இரண்டாவது மாடி. அவர் கணவர் எடை அளவுத் துறையில் வேலை பார்த்து, ஓய்வு பெறும்போது 'அரசவை ஆலோசகர்' என்ற பட்டத்தோடு வெளியே வந்தவர். அரசர் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அவையும் இல்லை, ஆலோசனை கேட்பாரும் இல்லை. அது வேறு விஷயம். பட்டம் பட்டம்தான். கணவருக்குப் பட்டம் வந்த அன்றே அவரும் ஆலோசகரம்மா ஆகிவிட்டார். வெறுமனே சாப்லெட்டல் அம்மா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். ஒரு தடவை உறையில் பட்டம் போடாமல் ஒரு கடிதம் வந்தது. "அப்படி யாரும் இங்க இல்ல" என்று தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எங்கள் கட்டடம் பழையது. ஒவ்வொரு மாடியிலும் மாடிப்படி ஓரத்தில் ஒரு பொதுத் தண்ணீர்க் குழாய் உண்டு. அந்தக் காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் கிடையாது, அங்கேதான் பிடிப்பார்கள். இப்போது யாரும் பிடிப்பதில்லை, ஆனால் பேச்சு மட்டும் இன்னும் அங்கேதான் நடக்கிறது. போன வருடம் செப்டம்பரில் அந்தக் குழாயடியில்தான் அவர் என்னை நிறுத்தினார்.

"துஷெக், எனக்கு யாரு வருவா?"

"எதுக்கு ஆலோசகரம்மா?"

"எதுக்கா? எனக்கென்ன கல்யாணமா வச்சிருக்கு? எங்க வீட்டுக்காரருக்கு முந்நூறு பேரு வந்தாங்க. அந்த முந்நூறு பேருக்கும் ஒருத்தர் விடாம நான் போயிட்டு வந்துட்டேன். இப்ப எனக்குத்தான் ஆளில்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அது தாங்கவில்லை. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"நான் கூட்டிட்டு வரேன்" என்றேன்.

"எத்தன பேரு?"

"நாப்பது."

"தொப்பி போட்டவங்களா?"

"போடச் சொல்றேன்."

"மூணு எக்காளத்துக்குச் சொல்லி வச்சிருக்கேன். சும்மா ஊதிட்டுப் போறாங்களோன்னு கவலையா இருந்துச்சு" என்றார். அந்த வாரமே, தன் காரியத்தை நடத்தும் பொறுப்பை என் பெயரில் எழுதி வைத்தார். அந்தப் பத்திரம் உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அதுதான்.

தேதியை நான் குறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்தான் குறித்தார். டாக்டர் இருதயத்தைப் பார்த்துவிட்டு, குளிர்காலம் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருந்தார். ஆலோசகரம்மா ஒரு நாள் காலண்டரைப் புரட்டிக்கொண்டே, "மார்ச் கடைசின்னு போட்டுக்கோங்க. அதுக்கு முன்னாடின்னா மண்ணு கல்லாட்டம் இருக்கும், வெட்டறவங்களுக்குப் பாவம்" என்றார். அவர் வாக்கை நம்பித்தான் கென்ட் நகரத்து லீவாவுக்கு எழுதினேன். லீவா தன் ஓய்வுபெற்ற தபால் ஊழியர் சங்கத்தில் சொல்ல, நாற்பத்து மூன்று பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மார்ச் இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய குழு எனக்கு அமைந்ததில்லை.

ஒரு பிசகு நான் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன். அது வரைக்கும் ஆலோசகரம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று, அக்டோபரிலிருந்து சின்னச் சின்னக் குழுக்களை வெள்ளி மாலையில் அவர் வீட்டுக்குக் காபிக்கு அழைத்துப் போக ஆரம்பித்தேன். எட்டுப் பேர்தான் உட்கார முடியும். அவர் கேக் சுட்டு வைத்திருப்பார். அலமாரியைத் திறந்து, சவப்பெட்டிக்கென்று தைத்து வைத்திருந்த கறுப்புப் பட்டுடையைக் காட்டுவார். கணவரின் பதக்கத்தைக் கையில் கொடுப்பார். விருந்தாளிகள் மெய்மறந்து போவார்கள். பார்சலோனாக்காரர் ஒருவர் அவருக்குப் பாட ஆரம்பித்துவிட்டார். ஊருக்குப் போய் எல்லோரும் கடிதம் போட்டார்கள், பட்டத்தோடு.

விளைவு என்ன தெரியுமா? அவர் தேறிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்குத் தானே கடைக்குப் போய் வந்தார். ஜனவரியில் ஒரு சுற்றுப் பெருத்தார். பிப்ரவரியில் டாக்டர், "இருதயம் பலவீனந்தான், மாடிப்படி மட்டும் ஏறவே கூடாது, லிஃப்ட்லதான் போகணும். மத்தபடி இன்னும் நாலஞ்சு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டார். அதை என்னிடம் சொல்லத்தான் ஆலோசகரம்மா இரண்டு மாடி இறங்கி, லிஃப்டில்தான், என் வீட்டுக்கு வந்தார். நான் வாழ்த்துச் சொன்னேன். என்ன செய்வது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

மார்ச் பத்தாம் தேதி ஒரு தொப்பி வாங்கி வந்திருந்தார். வைக்கோல் தொப்பி, ஓரத்தில் செர்ரிப் பழம் வைத்தது. கோடைக்காலத் தொப்பி, இன்ஸ்பெக்டரம்மா.

"ஆலோசகரம்மா, மார்ச் கடைசின்னு பேசியிருந்தோமே" என்றேன், பக்குவமாக.

"பேசினோம்தான். அடுத்து ஸ்ட்ராபெரி காலம் வருதே. ஜூன்ல அத ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாக்கலாம். அப்புறம் அந்த பார்சலோனாக்காரர் செப்டம்பர்ல வரேன்னு எழுதியிருக்காரு."

"நாப்பத்து மூணு பேரு ரயிலுக்குச் சீட்டு எடுத்துட்டாங்க."

"வரட்டுமே. காபி குடுக்கறேன்."

"உங்க கூடத்துல எட்டுப் பேருதான் உக்கார முடியும்."

அவர் சிரித்துவிட்டார். "என்ன துஷெக், நான் உயிரோட இருக்கறது உங்களுக்கு அவ்வளவு எடஞ்சலா?" என்றார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டாம் தேதி நிகழ்ச்சி நிரலை அஞ்சலில் சேர்த்தேன். அது முன்பே அச்சாகிவிட்டிருந்தது. மின்னஞ்சலில் அனுப்பியிருக்கலாம் என்று நேற்று சொன்னீர்கள். தபால் ஊழியர் சங்கத்துக்கு மின்னஞ்சலா? அது அவர்கள் முகத்தில் அறைந்த மாதிரி. நாற்பத்து மூன்று உறை, நாற்பத்து மூன்று தபால்தலை, ஒவ்வொன்றிலும் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று நின்று பார்த்துவிட்டு வந்தேன். அவர்கள் முத்திரையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அதில் 'வெள்ளி, பிற்பகல் இரண்டு மணி, ஒரு வியன்னா இறுதிச் சடங்கு' என்று மட்டும் போட்டிருந்தால் நான் இன்று உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்கு மனசு வரவில்லை. வருகிறவர்களுக்கு யாருடைய காரியம் என்று தெரிய வேண்டாமா? அவரைப் பட்டமில்லாமல் அனுப்பி வைப்பதா? 'அரசவை ஆலோசகரம்மா வால்புர்கா சாப்லெட்டல் அவர்களின் இறுதிச் சடங்கு' என்று முழுசாகப் போட்டேன். இந்த ஊர்க்காரன் எவனும் அப்படித்தான் போட்டிருப்பான். நீங்களும்தான்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை. காலை ஒன்பதரைக்கு அவர் கடைக்குப் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். செர்ரித் தொப்பி. எங்கள் கட்டட வாசலில், அறிவிப்புப் பலகைக்குப் பின்னால், 'லிஃப்ட் பழுது, சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று ஓர் அட்டை எப்போதும் செருகியிருக்கும். அதை எடுத்து லிஃப்ட் கைப்பிடியில் மாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. கம்பியை அறுக்கவில்லை, மருந்தை மாற்றவில்லை, ஒரு விரலால் அவரைத் தொடவில்லை. அவர் கீழேயே உட்கார்ந்து காத்திருக்கலாம். துப்புரவும் காவலும் பார்க்கிற யட்ராங்காவைக் கூப்பிடலாம். கதவைத் திறந்து பொத்தானை அழுத்தியே பார்த்திருக்கலாம். ஆனால் அறிவிப்பு என்று ஒன்றை மாட்டிவிட்டால் எங்கள் ஊரில் யாரும் பொத்தானை அழுத்திப் பார்க்க மாட்டார்கள். அரசவை ஆலோசகரின் மனைவி நிச்சயமாக அழுத்த மாட்டார்.

சரி, அவர் அழுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.

பத்தரைக்குக் காலடிச் சத்தம் கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம். ஒரு படி, ஒரு நிறுத்தம். இரண்டாவது மாடிக்கு வர வெகு நேரமானது. பிறகு என் கதவைத் தட்டினார். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன், கையில் ஒரு ஷூவும் பாலிஷ் துணியும். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"துஷெக், ஒரு நாற்காலி போடுங்க. உக்காந்துக்கறேன்."

நான் அசையவில்லை.

"உள்ளதான் இருக்கீங்க. பாலிஷ் வாசன வருது." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு நல்ல சேதி கொண்டாந்திருக்கேன். யட்ராங்காகிட்டப் பேசிட்டேன். முற்றத்தக் கழுவி விடறேன்னு சொல்லிட்டா. மேஜை போட்டா நாப்பத்து மூணு பேரும் உக்காரலாம். காபித்தூள் வாங்கிட்டேன், கை துடைக்கிற தாளும் எண்ணி வாங்கிட்டேன். எல்லாரும் என்னப் பாத்துட்டே போகட்டும். தொறங்க துஷெக்."

மூன்று தரம் தட்டினார். மூன்றாவது தட்டு லேசாகத்தான் இருந்தது.

அந்த யோசனையை நான் பரிசீலிக்காமல் இல்லை. அங்கேயே நின்று பரிசீலித்தேன். மார்ச் மாதத்தில் முற்றத்தை நம்ப முடியாது, மழை வந்தால் நாற்பத்து மூன்று பேரை எங்கே ஒதுக்குவது? கட்டடத்தில் அவர்களுக்கு இருப்பது ஒரே கழிப்பறை. அதோடு, கதவைத் திறந்தால் அவர் குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார். நிரலோ அச்சாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. பரிசீலித்து முடித்தபோது காலடிச் சத்தம் மேலே போய்விட்டிருந்தது. மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அட்டையைக் கழற்றிவிட்டு மேலே போனேன். மூன்றாவது மாடிக் குழாயடியில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். தொப்பி நேராக இருந்தது. மடியில் பை. நான் அழுதேன் என்று யட்ராங்கா சொல்லியிருப்பாளே, அது உண்மைதான். உண்மையாகவே அழுதேன். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

யட்ராங்கா அப்போதே லிஃப்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காலையில அட்ட தொங்குச்சு. இப்ப ஓடுது. யாரு வந்து சரி பண்ணினா?" என்று கேட்டாள். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள். வாய் நீளம் அவளுக்கு.

சடங்கைப் பற்றிக் கேட்டீர்கள். இருபத்தெட்டாம் தேதி, இரண்டு மணி, ஒரு நிமிடம் பிசகவில்லை. எங்கள் ஊரில் யாராவது செத்துப்போனால் 'எழுபத்தொன்றில் ஏறிட்டார்' என்போம், இடுகாட்டுக்குப் போகிற டிராமின் எண் அது. நாற்பத்து மூன்று பேரும் அந்த எழுபத்தொன்றில் தொப்பியோடு ஏறினார்கள். விஷயத்தைச் சொன்னதும் டிராமே சிரித்தது. மண்டபம் நிரம்பிவிட்டது. மூன்று எக்காளமும் ஊதின. மலர்வளையத்து ரிப்பனில் 'ஆலோசகரம்மாவுக்கு, கென்ட் தபால் ஊழியர்கள்' என்று பொன்னெழுத்து. லீவா அவர்கள் மொழியில் ஒரு பேச்சுப் பேசினார், எங்களுக்குப் புரியவில்லை, ஆனால் அவர்கள் எல்லோரும் அழுதார்கள். ஈமக்காரர் என் காதருகில் வந்து, இருபது வருடத்தில் இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்லை என்றார். செத்தவரைப் பற்றி நினைவுரை சொல்ல யாருமில்லாததால் ஒன்பது நிமிடம் மிச்சமானது. அந்த ஒன்பது நிமிடத்தில் இசையமைப்பாளர்களின் கல்லறைகளையும் காட்டி முடித்துவிட்டேன்.

பிறகு விடுதியில் மாட்டிறைச்சி. மேஜையில் வைத்திருந்த கை துடைக்கிற தாள்களைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். ஊதாப்பூப் போட்ட தாள், நாற்பத்து மூன்று. ஆமாம், அவர் பையிலிருந்து எடுத்ததுதான். நல்ல தாள், எண்ணி வாங்கியது, வீணாகப் போக வேண்டாமே என்று எடுத்து வைத்தேன். காபித்தூளை எடுக்கவில்லை.

லீவா ஊருக்குத் திரும்பும் ரயிலில்தான் பார்த்தாராம். மண்டபத்தில் கொடுத்த மரண அறிவிப்பு அட்டையில் இறந்த நாள் இருபதாம் தேதி. தன் கைப்பையில் இருந்த உறையில் பன்னிரண்டாம் தேதி முத்திரை. நாற்பது வருடம் முத்திரை பார்த்த கண். உங்களுக்குக் கடிதம் எழுதியதும் அவர்தான், பதிவுத் தபாலில் அனுப்பியிருப்பார். எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில், 'இந்த ஊரில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள் என்று நினைத்தேனே' என்று ஒரு வரி எழுதியிருந்ததாகப் படித்துக் காட்டினீர்கள். அதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. நான் அவ்வளவு பாடுபட்டிருக்கிறேன்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். சொல் துல்லியமாக இருக்க வேண்டும். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். வாழ்நாள் முழுக்க அவர் பயந்தது ஒன்றே ஒன்றுக்கு, யாருமில்லாமல் போவதற்கு. அவர் அப்படிப் போகவில்லை. நான் கொடுத்த வாக்கு நாற்பது. வந்தது நாற்பத்து மூன்று.

என்ன கேட்டீர்கள்? அந்தக் கூட்டத்தில் ஆலோசகரம்மாவை உயிரோடு தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்றா?

யட்ராங்கா வந்திருந்தாள். கடைசி வரிசையில் நின்றாள், சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. அவளை ஒன்று என்று போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைச் சேர்க்க வேண்டாம். நான் வேலையாக வந்திருந்தேன்.